இரண்டு பேருக்கு மட்டும் இடம்

வாட்ச்மேன் மறுபடியும் செத்துப்போயிருந்தான்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. கோளாறே அதுதான். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் பெட்டி, ஒரு முனகல்கூட இல்லாமல் தன் பச்சை விளக்கை அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தது தற்செயலாகத்தான். விளக்கு அணைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்குத் தெரியும். மடித்த துணியெல்லாம் சரிய எழுந்து ஓடி, கட்டில் நடுவில் படுத்திருந்த பொடிசின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வயிறு ஏறியது. இறங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொடிசு என்பது வீட்டுப் பெயர். நாள் நிறைவதற்கு வெகு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட பெண். அவசரத்தில் வந்தவர்கள் எதையாவது மறந்துவிட்டு வருவது உலக வழக்கம். பொடிசு மூச்சு விடுவதை மறந்துவிட்டு வந்திருந்தாள். விழித்திருக்கும்போது ஒன்றுமில்லை. தூக்கத்தில்தான் திடீரென்று நின்றுபோகும். "மறந்துடுவா, நீங்க ஞாபகப்படுத்தணும், அவ்ளோதான்" என்று குழந்தை டாக்டர் ஏதோ பால்காரருக்கு ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார். உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினால் திரும்ப வந்துவிடும். உடனே சுண்ட வேண்டும். தாமதித்தால் சுண்டியும் பயனில்லை.

அதற்குத்தான் வாட்ச்மேன். குழந்தையைத் தொடாமல், கம்பி எதுவும் ஒட்டாமல், கண்ணுக்குத் தெரியாத அலைகளை அறை முழுவதும் அனுப்பி, யார் யார் மூச்சு எங்கே ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பெட்டி. எல்லாம் சரியென்றால் பச்சை. மூச்சு நின்றால் சிவப்பு, கூடவே தெருவையே எழுப்பும் கூச்சல். சந்தைக்கு இன்னும் வரவில்லை. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்தது. அதற்குள் ஓடும் புரோகிராமில் பாதி அவள் எழுதியது. சோதனைக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மாட்டியிருந்தாள். பொடிசை இதுவரை சில முறை காப்பாற்றியும் இருக்கிறது. தன் கையால் எழுதிய காவல் தன் பிள்ளைக்கே உதவியதில் அவளுக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தக் காவல்தான் இந்த வாரம் உட்கார்ந்த இடத்தில் விழத் தொடங்கியது. புரோகிராம் கிராஷ். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. தூங்கும் காவல்காரனைவிட மோசம். தூங்குகிறவன் குறட்டையாவது விடுவான். கணவன் கப்பலில் இருந்தான். கரை தெரியவே நாளாகும். ஆகவே அவள் கண்கொத்திப் பாம்பாகப் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல எரிந்தது.

மழை பெய்துகொண்டிருந்தது. மத்தியானமா சாயங்காலமா என்று பிரித்துச் சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து தரையில் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டாள். அந்தத் தோழிக்கு ஆபீஸில் பெயர் கொக்கி. யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் ஒரு கொக்கி போட்டுக் குறையை இழுத்து வெளியே போட்டுவிடுவாள்.

"இங்க ஓட்டினா பட்டு மாதிரி ஓடுதுடி. உன் வீட்ல மட்டும் ஏன் விழுது?"

"தெரிஞ்சா உனக்கு ஏன் போன் பண்றேன்?"

"சரி, அழாத. டீபக்கர மாட்டிட்டு உக்காரு. விழுற எடத்துல கையும் களவுமா புடிச்சிடலாம்."

டீபக்கர் என்பது, ஓடுகிற புரோகிராமின் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, "பையில என்ன இருக்கு, எடுத்துக் காட்டு" என்று கேட்கிற கருவி. எந்த வரியில் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு அடையாளம் வைக்கலாம். அதற்கு பிரேக்பாயின்ட் என்று பெயர். நிறுத்திய இடத்திலிருந்து ஒரு வரி, ஒரு வரியாக நகர்த்தியும் பார்க்கலாம். ஒரே ஒரு சங்கடம். நின்ற புரோகிராம் நின்றதுதான். அந்த நேரத்தில் வாட்ச்மேனுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

அதனால் லேப்டாப்பைக் கட்டில் ஓரத்து நாற்காலியில் வைத்து, தான் தரையில் உட்கார்ந்து, இடது கையைப் பொடிசின் வயிற்றில் வைத்துக்கொண்டாள். வலது கை விசைப்பலகையில். வீட்டு வைஃபை வழியாகப் பெட்டியோடு டீபக்கர் கை கோத்தது. பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு கோடுகள் திரையில் ஓடத் தொடங்கின. ஒன்று அவளுடையது, நிதானமானது. மற்றது குருவி கொத்துவதுபோலச் சின்னச் சின்னதாக.

காத்திருந்தாள். கூரைக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எங்கோ ஒரு கதவு காற்றில் முட்டும் சத்தம், உலராத துணிகளின் புழுங்கிய வாடை, அதற்கும் அடியில் வாடிய பூத் தண்ணீரை நாள்கணக்கில் கொட்டாமல் வைத்ததுபோல இன்னொரு வாடை. மழைக்கு வீடு இப்படித்தான் நாறும் என்று நினைத்துக்கொண்டாள்.

புரோகிராம் விழுந்தது. இந்த முறை டீபக்கரின் கையில் விழுந்தது.

பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவு சின்னத் தப்பு. அறையில் யார் யார் மூச்சு விடுகிறார்கள் என்று எழுதிவைக்கும் பட்டியலில் அவள் இரண்டு பேருக்குத்தான் இடம் போட்டிருந்தாள். தாய் ஒன்று, பிள்ளை ஒன்று. குழந்தை தூங்கும் அறையில் அதற்குமேல் யார் வரப்போகிறார்கள்? மூன்றாவதாக ஒரு மூச்சு வந்தால் எழுத இடமில்லாமல் புரோகிராம் எல்லை தாண்டி எழுதப் போய்ச் செத்தது. ஆபீஸ் சோதனை அறையில் ஒரு பொம்மையும் ஒரு ஆளும்தான்; அதனால்தான் அங்கே விழவில்லை.

கொக்கிக்குச் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

"இவ்ளோதானா? மூணு பேரு இருந்தா விழும். சரி, உன் வீட்டுக்காரர் எப்ப வந்தாரு? சொல்லவே இல்ல."

"அவர் எங்க வந்தாரு? நடுக்கடல்ல இருக்காரு."

"அப்ப மூணாவது யாருடி?"

கொக்கி அதை விளையாட்டாகத்தான் கேட்டாள். மழை பலத்தது.

"ஏதாவது எதிரொலியா இருக்கும்," என்றாள் கொக்கியே. "ஃபேன் பாரு, திரை பாரு. ஆடுற எதையும் அது மூச்சுன்னு நெனைச்சுக்கும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரளுகிற ஜாதியில்லை. எழுந்து ஃபேனை நிறுத்தினாள். ஜன்னல் திரையைக் கழற்றிச் சுருட்டிக் கூடத்தில் போட்டாள். அலமாரிக் கண்ணாடியில் போர்வையைத் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டுச் சுவர் என்று சொல்லவும் வழியில்லை. அந்த அறைக்கு வெளியே மழையும் வெற்று நிலமும்தான். திரும்ப வந்து உட்கார்ந்தாள். விழுவதற்கு ஒரு வரி முன்னால் பிரேக்பாயின்ட் வைத்தாள்.

நின்றது. மூன்றாவது ஆளைப் பற்றிய எண்கள் திரையில் விரிந்தன. தூரம்: கதவோரம். வேகம்: மிக மெதுவாக. ஆழ்ந்து தூங்குகிற மனிதன் விடுவதைவிட மெதுவாக.

கதவோரம் பார்த்தாள். கதவு இருந்தது. செருப்பு இருந்தது.

மறுபடி ஓட்டினாள். மறுபடி நின்றது. தூரம்: அலமாரிப் பக்கம். இன்னொரு முறை. கட்டிலின் கால்மாடு. கணக்குத் தப்பாக இருக்கலாம் என்று அவளே எழுதிய சூத்திரத்தைத் தாளில் போட்டுப் பார்த்தாள். தப்பில்லை. அந்த வாடை இப்போது துணிகளின் பக்கமிருந்து வரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே போவது? வாட்ச்மேன் சுவரில் இருந்தான். சுவரை விட்டு இறங்கினால் பொடிசுக்குக் காவல் இல்லை. மழையில், தூக்கம் செத்த கண்ணோடு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இருக்கிற காவலைச் சரி செய்வதுதான் புத்தி. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வரி, ஒரு வரியாக நகர்த்திப் பார்க்கத் தீர்மானித்தாள். விசையை அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கொஞ்சம் மூச்சை இழுத்தார்கள்.

மழை என்று நினைத்தாள். அடுத்த வரி. அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் இழுத்தது. தொண்டையில் சளி ஒட்டி விலகுகிற மெல்லிய ஓசையோடு. விரல் விசைமேல் நின்றது. மூச்சும் நின்றது. பாதியில்.

இடது கைக்குக் கீழே பொடிசின் வயிறு தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. அது அவளுடையது. அது சரி. தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. பாதி இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் எப்போது அழுத்துவாள் என்று எதுவோ காத்திருக்கிற அமைதி.

அழுத்தினாள். இழுத்தது.

அழுத்தினாள். இழுத்தது. இவ்வளவு இழுக்க எந்த நெஞ்சிலும் இடமில்லை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஓடு என்று புரோகிராமை விட்டாள். பிடரி முடி அசைந்தது. வெதுவெதுப்பாக. நீளமாக. நாறியது. பச்சை விளக்கு அணைந்தது.

"யாரு?"

சட்டென்று திரும்பினாள். கழற்றிய திரை இல்லாத ஜன்னல், போர்வை மூடிய கண்ணாடி, சாம்பல் வெளிச்சம். ஆள் இல்லை. தூக்கமில்லாத உடம்பு என்னென்னவோ செய்யும் என்று பிரசவ வார்டு நர்ஸ் சொன்னது உண்டு. அழுகை வந்தது. அழுதாள். அழுதபின் கொக்கிக்குப் போன் போட்டாள். மூச்சைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பாள். பைத்தியம் என்றால் பெட்டியைத் திரும்பக் கேட்பார்கள்.

"பட்டியல பெருசாக்கிடட்டுமா?"

"ஐயோ, அதத் தொட்டா எல்லாச் சோதனையும் முதல்லேருந்து. மாசக் கணக்காகும். எதுக்கு? இருக்கிறது ரெண்டு பேரு. வலுவான ரெண்டு மூச்ச வெச்சுக்கோ, மிச்சத்தத் தூக்கிப் போடு. எதிரொலிதான, எப்பவும் சன்னமாத்தான் இருக்கும்."

"அப்ப விழாதுல்ல?"

"எப்படி விழும்? கல்லு மாதிரி நிக்கும். போட்டுட்டுப் போய்த் தூங்குடி. உன் கொரலே சரியில்ல."

நியாயமான யோசனை. ஒவ்வொரு மூச்சுக்கும் வலு என்று ஒரு எண் தூரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. நான்கு வரி எழுதினாள். வலுவின்படி வரிசைப்படுத்து. முதல் இரண்டை வைத்துக்கொள். மற்றதைத் தள்ளு. பெட்டிக்கு அனுப்பினாள்.

பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு கோடுகள். மழை தணிந்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. வாடைகூடக் குறைந்ததுபோல இருந்தது. பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தாள். விழவே இல்லை. எழுந்தபோது தலை சுற்றியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொடிசின் நெற்றியில் முத்தம் வைத்தாள். சூடாக, பால் மணத்தோடு இருந்தாள். லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெட்டி கூச்சல் போட்டால் நாலு எட்டில் வந்துவிடலாம்.

தேநீர் கொதித்தது. மேடைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடி டம்ளரின் சூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினாள். எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வாய் தேநீர். திரையில் இரண்டு கோடுகள் நிதானமாக, அழகாக, ஏறி இறங்கின. ஒன்றையொன்று பார்த்துச் செய்வதுபோல. சிரித்துக்கொண்டாள். கல்லு மாதிரி நிற்கிறது. இன்னொரு வாய் குடித்தாள்.

இரண்டு கோடுகள்.

டம்ளர் பாதியில் நின்றது.

வாட்ச்மேன் அந்த அறையை மட்டும்தான் பார்ப்பான். சமையலறை அவன் கண்ணுக்கு எட்டாது. அந்த எல்லையை எழுதியவளும் அவள்தான். அவள் இங்கே நிற்கிறாள். அங்கே ஒரு கோடுதான் இருக்க வேண்டும். குருவி கொத்துவதுபோல, சின்னதாக, ஒரே ஒரு கோடு.

இரண்டில் எதுவும் சின்னதாக இல்லை.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ஓடியிருப்பாள். அவள் பிரேக்பாயின்ட் வைத்தாள். கை தானாகப் போனது. கோளாறு கண்ணில் பட்டால் முதலில் நிறுத்து, பார், பிறகு தொடு. இத்தனை வருஷ உத்தியோகம் அவள் விரலுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. நான்கு வரிகளுக்கு முன்னால் நிறுத்தினாள், தூக்கிப் போடுவதற்கு முன் பட்டியல் எப்படி இருக்கிறது என்று பார்க்க. அவளும் நின்றாள், புரோகிராமும் நின்றது. அறையில் காவல் நின்றது. எண்கள் விரிந்தன.

மூன்று வரிசைகள்.

அவள் இல்லாமலே மூன்று. அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது மூச்சை எழுதும்போதே புரோகிராம் செத்துப்போனதால், நான்காவதாக ஒன்று உண்டா என்று பார்க்க அது ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை.

முதல் வரிசை. தூரம்: கட்டில். வலு: மிக அதிகம்.

இரண்டாவது. தூரம்: கட்டில். வலு: மிக அதிகம்.

மூன்றாவது. தூரம்: கட்டில். வலு: சன்னம். இதுதான் தள்ளப்படுவது. இதற்குத்தான் யாரும் கூச்சல் போட வேண்டாம் என்று அவள் எழுதியிருந்தாள். வேகம் என்ற இடத்தில் ஒரு சுழி.

சுழி.

சுழி.

டம்ளர் உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஓடினாள். உடைந்த கண்ணாடி காலைக் கிழித்தது. கதவு. இருட்டு. சுவிட்சைத் தட்டினாள்.

பொடிசு கட்டில் நடுவில் மல்லாந்து கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல். அவள் பாய்ந்து உள்ளங்காலைப் பிடித்துச் சுண்டினாள்.

"கண்ணு."

சுண்டினாள்.

"எந்திரிடா. அம்மாடி. எந்திரி."

சுண்டினாள். கால் குளிர்ந்திருந்தது. ஈர மாவைத் தொடுவதுபோல. விரல் வலிக்க வலிக்கச் சுண்டினாள். வாரி எடுக்கக் கட்டில்மேல் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளைக்கு வலப்பக்கம் மெத்தை ஆள் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இடப்பக்கமும். தலை இருக்கும் இடத்தில் தலையணை அமுங்கி, தோள் இருக்கும் இடத்தில் விரிப்பு இழுபட்டு. இரண்டுக்கும் நடுவில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் தூங்கும் பிள்ளையாகப் பொடிசு. பள்ளங்களுக்கு மேல் கிடந்த போர்வை நிதானமாக ஏறியது. நிதானமாக இறங்கியது. நடுவில் மட்டும் அசைவில்லை.

பிறகு, தூக்கத்தில் பிள்ளையை அணைக்கப் புரண்டு படுக்கிற ஆளைப்போல, வலப்பக்கத்துப் பள்ளம் மெல்ல உள்ளே நகர்ந்தது. பொடிசின் தலை சரிந்து அதன்மேல் சாய்ந்தது.